பக்கவாதத்தில் ரத்தப் பரிசோதனை: எங்கே தவறிப்போகிறோம்?

ரத்தக் குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்தில் ஆகப் பெரிய தவறு, ரிப்போர்ட் எல்லாம் வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் கட்டாயம் தெரிய வேண்டியது சர்க்கரை அளவு; விரல் நுனியில் ஒரு சொட்டு போதும். சர்க்கரை ரொம்ப இறங்கினாலே பேச்சு குழறி, ஒரு பக்கம் செயலிழந்து, பக்கவாதம் போலவே தெரியும். சி.டி. ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை, உறைதலைத் தடுக்கும் மருந்தோ உறைதல் கோளாறோ இல்லை என்றால், மற்ற முடிவுகளுக்காகக் காத்திருக்கக் கூடாது.

அடுத்தது, ரத்தம் எப்போது எடுத்தது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது. எஸ்100பி என்ற புரதம் சேதமான மூளையிலிருந்து கசிந்து இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்துக்குப் போகும். நியூரோஃபிலமென்ட் லைட் என்ற நரம்பிழைப் புரதம் இன்னும் மெதுவு, வாரக்கணக்கில் ஏறும். இரண்டாம் மணி நேரத்தில் இவை சரியாக இருப்பதால் பாதிப்பு சிறியது என்று ஆகிவிடாது. நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு அப்புறம் எண்ணைப் படியுங்கள். வயது கூடினாலும் சிறுநீரகம் பழுதானாலும் நியூரோஃபிலமென்ட் உயரும், ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பாருங்கள். என்.எஸ்.இ. என்ற நரம்பணுப் புரதம் சிவப்பணுவிலும் இருப்பதால், குழாயில் அணுக்கள் உடைந்துபோன ரத்தம் அதைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

உடலில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதமும் இப்படித்தான் ஏமாற்றும். மூன்றாம் நாள் அது எகிறினால் மூளைச் சேதம் பெருத்துவிட்டது என்று குடும்பமே கலங்கிப்போகிறது. விழுங்கச் சிரமப்படுபவருக்கு எச்சிலோ உணவோ நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா தொடங்கியிருக்கலாம். மருந்து கொடுக்க முடிந்த காரணம் அது, முதலில் அதைத் தேடுங்கள். ரத்தக்கட்டி கரையும்போது வரும் டி-டைமரும் புற்றுநோய், தொற்று, கால் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டு என்று பலவற்றில் உயரும்.

இன்னொன்று, எஸ்100பி போன்ற மூளைப் புரதங்கள் சேதத்தின் பருமனை ஓரளவு காட்டும், இடத்தைக் காட்டாது. மூளைத்தண்டில் சிறு சேதமே ஆளை முடக்கிவிடும். அதனால் பக்கவாதத்தின் தீவிரத்தை அளக்கும், 0 முதல் 42 வரை போகும் என்.ஐ.எச். அளவுகோலை விட்டுவிடக் கூடாது. நீட்டிய கை 10 விநாடி நிற்கிறதா, தூக்கிய கால் 5 விநாடி நிற்கிறதா என்று நோயாளியையே பார்க்கும் சோதனை அது. பின்மூளைப் பாதிப்பை அதுவும் குறைத்தே காட்டக்கூடும். தலைசுற்றலையும் நடைத் தள்ளாட்டத்தையும் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.