தாழ்த்திய காரில் கீச் சத்தம்: ஸ்பிரே அடிப்பதற்கு முன்னால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் காரை லோ பண்ணி ஓட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: ஸ்பிரிங் மாற்றியாச்சு, அலைன்மென்ட்டும் பார்த்தாச்சு, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் கீச் கீச் என்கிறது, என்ன ஸ்பிரே அடிக்கலாம்? ஸ்பிரே பற்றிப் பிறகு சொல்கிறேன். சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் எதை அடித்தாலும், எதை மாற்றினாலும் காசுதான் போகும்.

இருப்பதிலேயே பெரிய தவறு, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைத்து மேலும் கீழும் அசையும் இரும்புக் கை) போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுவது. இதை நல்ல அனுபவம் உள்ள மெக்கானிக்குகளே செய்கிறார்கள், ஏனென்றால் ஜாக்கியில் நிற்கும் வண்டியில் ஸ்பேனர் போடுவது சுலபம். அந்த போல்ட் நுழையும் இடத்தில் கம்பெனியில் வரும் ரப்பர் புஷ்ஷை எடுத்துப் பாருங்கள்: உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு கூடு, நடுவில் இரண்டோடும் ஒட்டவைத்த ரப்பர். போல்ட் இறுகியதும் உள்குழாய் அசையாது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது நடுவில் இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் இடம் கொடுக்கிறது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை. தொங்கவிட்டு இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய நிமிடத்திலிருந்தே, சும்மா வாசலில் நிற்கும்போதுகூட ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், பள்ளத்தில் விழும்போது இன்னும் முறுகும், கடைசியில் கிழிந்து இரும்போடு இரும்பு உரச ஆரம்பிக்கும்.

தாழ்த்திய வண்டியில் இன்னொன்றும் இருக்கிறது. ஆர்ம் போல்ட்டைத் தொடவே இல்லை, ஸ்பிரிங் மட்டும்தான் மாற்றினோம் என்பார்கள். சரி, அந்த போல்ட் ஃபேக்டரியில் எந்த உயரத்துக்கு இறுக்கப்பட்டது? பழைய உயரத்துக்கு. இப்போது வண்டி அதைவிடக் கீழே இருக்கிறது, அதனால் புஷ் நாள் முழுக்க முறுக்கிய நிலையில்தான் வாழ்கிறது. எனவே லோ பண்ணியதும் ஆர்ம் போல்ட்டுகள் எல்லாவற்றையும் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, அந்த வண்டிக்குச் சொன்ன அளவில் திரும்ப இறுக்க வேண்டும். சக்கரத்தோடு வண்டி ஏறி நிற்கும் ராம்ப்போ பிட்டோ இருந்தால் வேலை எளிது. இல்லையென்றால், வண்டி தரையில் நிற்கும்போது சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் ஓரம் வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் இருக்கும் பக்கம் இன்னொரு ஜாக்கியால் ஆர்மை மெதுவாக ஏற்றி, அதே அளவு வந்ததும் இறுக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் என்ற கெட்டியான பொருளில் செய்த புஷ் போட்டவர்களுக்குக் கதை நேர் எதிர். அதில் ஒட்டவைத்த ரப்பர் கிடையாது, உள்குழாய் புஷ்ஷுக்குள் உண்மையிலேயே சுழல வேண்டும், எனவே கிரீஸ் இல்லையென்றால் கீச் என்று கத்தாமல் இருக்காது. புஷ்ஷோடு ஒரு சின்ன பாக்கெட் கிரீஸ் வரும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வீல் பேரிங்குக்குப் பூசும் கிரீஸைத் தடவுவது நம்ம ஊரில் சர்வசாதாரணம். சிலிக்கான் வகை கிரீஸ்தான் வேண்டும், சாதா கிரீஸ் மழைத்தண்ணீரில் சீக்கிரம் கழுவிக்கொண்டு போய்விடும். உள்பக்கத்தில் மட்டும் தடவினால் போதாது, ஆர்ம் பிராக்கெட்டில் உரசும் இரண்டு பக்க முகத்திலும் தடவ வேண்டும். பாதிச் சத்தம் அங்கிருந்துதான் வரும்.

இப்போது ஸ்பிரே. டபிள்யூ டி 40 அடித்ததும் சத்தம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, அது காய்ந்ததும் திரும்ப வரும், பாலியூரித்தேன் புஷ்ஷில் இருந்த கொஞ்சநஞ்ச கிரீஸையும் கரைத்துவிட்டுப் போயிருக்கும். அதைவிட மோசம், ரப்பர் புஷ்ஷில் டீசல், மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுவது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி, மெத்தென்று ஆகி, பிடிப்பை இழந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் தெருவுக்குள் வந்ததே, அதில் நின்ற வண்டி உங்களுடையது என்றால் புஷ்களையும் பால் ஜாயின்ட்டை (ஆர்மின் சக்கரப் பக்க மூட்டு) மூடும் ரப்பர் பூட்டுகளையும் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இடத்தைக் கண்டுபிடிக்க ஸ்பிரேயைவிட வெறும் தண்ணீர் நல்லது. ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே ஒரு புஷ்மேல் ஊற்றி, ஒருவரை வண்டியை அமுக்கி ஆட்டச் சொல்லுங்கள், சத்தம் நின்றால் குற்றவாளி அதுதான், நிற்கவில்லையென்றால் அடுத்த புஷ். மழை நாளில் அமைதியாக இருந்து வெயில் நாளில் மட்டும் கத்தும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது காய்ந்துபோன புஷ்ஷைத்தான். வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முனகினால், அல்லது ஸ்பிரிங் டொய்ங் என்று துள்ளினால், ஆர்மை விட்டுவிட்டு, முன் ஸ்பிரிங்கின் தலைப்பக்கம் இருக்கும் ஸ்டிரட் மவுன்ட் பேரிங்கைப் பாருங்கள். சக்கரத்தைத் தொங்கவிட்டுத் தேடுவது வீண், ஏனென்றால் சக்கரத்திலிருந்து எடை விலகியதும் பல சத்தங்கள் காணாமல் போய்விடும். விரலை மட்டும் ஸ்பிரிங் சுற்றுக்குள் விடாதீர்கள்.

அட்ஜஸ்ட் பண்ணக்கூடிய கேம்பர் ஆர்ம் (கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே வெளியே சாயும் சாய்வு), லிங்க் ராட் போட்டிருந்தால் வருகிற சத்தம் பெரும்பாலும் கீச் இல்லை, டிக் டிக் அல்லது டொக் டொக். முதலில் லாக் நட்டைப் பாருங்கள். நட்டை இறுக்கும்போது ராடும் சேர்ந்து திரும்பி, முனையில் உள்ள பால் ஒரு பக்கமாகச் சாய்ந்து அதன் எல்லையில் போய் முட்டி நிற்கும், அப்புறம் ஒவ்வொரு குழியிலும் அது தட்டும். இரண்டு முனைகளும் ஒரே வாட்டத்தில் இருக்கும்படி பிடித்துக்கொண்டுதான் இறுக்க வேண்டும். ராட் முனையில் பாலோடு இருக்கும் அந்த மூட்டு டெஃப்ளான் லைனிங் உள்ள ரோஸ் ஜாயின்ட் என்றால் அதில் ஆயில் விடாதீர்கள், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி அந்த ஆயிலில் ஒட்டி லைனிங்கை அரைத்துவிடும். துடைத்து, ரப்பர் பூட் போட்டு மூடுங்கள். பூட் போட்டும் ஆடினால் ஜாயின்ட்டை மாற்றுவதுதான் வழி.

காசிமேடு, எண்ணூர் மாதிரி கடல் ஓரத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு: அலைன்மென்ட் கேம் போல்ட் (திருப்பினால் சக்கரத்தின் கோணம் மாறும் போல்ட்) புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். கேஸ் வெல்டிங் தீயைக் காட்டினால் போல்ட் கழலும், ரப்பர் கருகும், அதற்குப் பிறகு வரும் சத்தத்துக்கு அந்தத் தீதான் காரணம். துரு நீக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே, ரப்பரில் படாமல், போல்ட் முனையில் விட்டுவையுங்கள், கழற்றும் முன் கேம் நின்ற இடத்தைப் பெயின்ட்டால் குறியுங்கள், திரும்பப் போடும்போது போல்ட்டின் வழவழப்பான பகுதியில் ஆன்டி சீஸ் (துருப்பிடித்து ஒட்டாமல் தடுக்கும் பசை) தடவுங்கள். ரொம்பவும் இறுகிப்போயிருந்தால் போல்ட்டையும் புஷ்ஷையும் சேர்த்து மாற்றுவதே மலிவு. புதுப்பேட்டையில் பழைய ஆர்ம் கிடைக்கும், வாங்கலாம், அதிலிருக்கும் பழைய புஷ்ஷை மட்டும் நம்பாதீர்கள்.

ஸ்விஃப்ட், போலோ மாதிரி பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு உத்தரம்) இருக்கும் வண்டியில் பின் சக்கரத்துக்கு கேம்பர் ஆர்மே கிடையாது. எனவே பின்பக்கச் சத்தத்துக்கு பீம் புஷ், ஸ்பிரிங் உட்காரும் ரப்பர், டேம்பர் (ஷாக் அப்சார்பர்) புஷ் இவற்றைப் பாருங்கள். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய வண்டி என்றால் இன்னும் ஆபத்து, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறிவிடலாம். அந்தச் சத்தத்துக்கு கிரீஸ் மருந்தில்லை, அளவான ஸ்பிரிங் வாங்கிப் போட வேண்டும்.

அலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. புஷ் வேலை முடிவதற்கு முன் அலைன்மென்ட் பார்த்தால் அந்தக் காசு தண்டம். டயரின் உள்ஓரம் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத் திட்டுகிறார்கள், தாழ்த்தும்போது டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறுகிறது, டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் அந்த டோதான். அதனால் முன்பு இருந்த அளவும் பிறகு வைத்த அளவும் இரண்டும் உள்ள பிரின்ட்டைக் கேட்டு வாங்குங்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கி உட்காரும் என்பதால் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் போல்ட் இறுக்கத்தையும் டோவையும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.