முதல் சைக்கிள் ரேஸுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, 60 கி.மீ. அமெச்சூர் ரேஸ். 15 கி.மீ. போய்த் திரும்ப வேண்டும். அதையே இன்னொரு முறை. தனியாக ஓட்டினாலே மணிக்கு 33 கி.மீ. சராசரி வருகிறதே என்ற தைரியத்தில் பெயர் கொடுத்திருந்தேன். 45ஆவது கிலோமீட்டரில் கூட்டம் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. பயிற்சியில் நான் எப்போதும் முந்துகிற இரண்டு பேர் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருந்தார்கள். கடைசி 15 கி.மீ. உப்பளங்களுக்கு நடுவே, ஒரு மரநிழல்கூட இல்லாமல், தன்னந்தனியாக ஓட்டி முடித்தேன்.

அன்று எனக்குக் காலில் பலம் இல்லாமல் போகவில்லை. பலத்தைக் கண்ட இடத்தில் செலவழித்துவிட்டேன். முதல் முறை ரேஸுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் இதைத்தான் செய்கிறார்கள்.

முதல் தவறு தொடக்கத்திலேயே நடந்தது. விசில் ஊதியதும் முன்னால் போய், பின்னால் வருகிறவர்களுக்குக் காற்றை மறைத்துக்கொண்டு கூட்டத்தை இழுத்தேன். சமதளத்தில் மணிக்கு 35 கி.மீ.க்கு மேல் போகும்போது நாம் மிதிப்பதில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால், காற்றுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும். ஆனால் இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்கு உழைப்பில் கால் பங்குக்கு மேலேயே மிச்சமாகும். எனக்குப் பின்னால் வந்த நாற்பது பேரும் அந்த மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். பத்து நிமிடம் கழித்து, நரைத்த தாடியோடு பக்கத்தில் வந்த ஒருவர், "தம்பி, உங்களை யாரும் இழுக்கச் சொல்லலையே, உள்ள வாங்க" என்றார். அன்று எனக்குக் கிடைத்த மிக நல்ல அறிவுரை அதுதான். முறை வந்தால் அரை நிமிடம் முன்னால் இருங்கள், பிறகு ஒதுங்கிக் கூட்டத்துக்குள் வந்துவிடுங்கள்.

நான் உள்ளே வந்தேன். ஆனால் ஒரேயடியாகக் கடைசிக்குப் போய்விட்டேன். அதுதான் என்னை முடித்தது. நம் ஊர் ரேஸ்களில் பெரும்பாலானவை நெடுஞ்சாலையில் போய்த் திரும்புபவை. யூ-டர்ன் இல்லாத ரேஸ் அபூர்வம். முதலில் வருகிறவர் திருப்பத்தில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, வளைந்து, உடனே மிதிக்கத் தொடங்கிவிடுகிறார். அவருக்குப் பின்னால் இருபது வரிசை இருந்தால், கடைசி ஆள் கிட்டத்தட்ட நின்றேவிடுகிறார். அவர் வளைந்து முடிக்கும்போது முன்னால் இருப்பவர் நூறு மீட்டருக்கு மேல் போயிருப்பார், அதுவும் முழு வேகத்தில். அந்த இடைவெளியை அடைக்க எழுந்து நின்று உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். எங்கள் ரேஸில் மூன்று திருப்பங்கள். முதலாவதில் சமாளித்தேன். இரண்டாவதில் தொடை எரிந்தது. மூன்றாவதில், 45ஆவது கிலோமீட்டரில், கால் ஒத்துழைக்கவில்லை. முன்னால் இருந்தவர்களுக்கு அது வெறும் திருப்பம். எனக்கு மூன்று ஸ்பிரிண்ட், அதாவது முழு பலத்தோடு மூன்று பாய்ச்சல். ஆகவே திருப்பத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே மெல்ல மெல்ல நகர்ந்து முதல் பத்துப் பதினைந்து பேருக்குள் வந்துவிடுங்கள். கடைசி இருநூறு மீட்டரில் எல்லோரும் அதே இடத்துக்கு முட்டி மோதுவார்கள், அப்போது முடியாது.

பக்கக் காற்றைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆடியில் தெற்கு நோக்கிப் போகும்போது மேற்குக் காற்று வலப்பக்கம் அறையும். அப்போது நேர் பின்னால் ஒளிந்தால் பயனில்லை. முன்னால் இருப்பவருக்குச் சற்று இடப்பக்கமாக, சாய்வாக நிற்க வேண்டும். இப்படி ஆறேழு பேர் சாய்வாக நின்றதும் சாலையின் அகலம் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் வருகிறவர்கள் இடது ஓரத்து மண்ணை ஒட்டி ஒற்றை வரிசையில், மறைவே இல்லாமல் காற்றை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். அந்த வரிசையில் மாட்டிக்கொண்டால், பின்னால் இருப்பவர்களோடு பேசி இரண்டாவது சாய்வு வரிசையை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் தொங்கிக்கொண்டே வருவதால் யாருக்கும் லாபமில்லை.

இனி சொல்லப்போவது வெற்றி தோல்வியைவிட முக்கியமானது. உங்கள் முன்சக்கரத்தை அடுத்தவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைக்காதீர்கள். அவர் ஒரு சாண் நகர்ந்து இரண்டு சக்கரமும் உரசினால் பெரும்பாலும் விழுவது பின்னால் இருப்பவர்தான். அவர் மேல் இன்னும் பத்துப் பேர் விழுவார்கள். எழுந்து மிதிக்கும்போது சைக்கிள் ஒரு நொடி பின்வாங்கும், அதையும் கவனியுங்கள்: உட்கார்ந்த நிலையிலிருந்து எழும்போது மிதியை அழுத்திக்கொண்டே எழ வேண்டும். கூட்டத்துக்குள் சட்டென்று பிரேக் பிடிப்பது பெரிய பாவம். வேகம் கூடினால் மிதிப்பதை நிறுத்துங்கள், அல்லது கொஞ்சம் நிமிர்ந்து காற்றை நெஞ்சில் வாங்குங்கள், வேகம் தானாகக் குறையும். கண் முன்சக்கரத்திலோ ஹேண்டில்பாரில் இருக்கும் கம்ப்யூட்டரிலோ நிற்கக் கூடாது. மூன்று நான்கு பேரைத் தாண்டிப் பார்க்க வேண்டும். பள்ளத்தைக் கண்டால் கத்துங்கள். வெட்கப்பட வேண்டாம்.

சாப்பாட்டில் ஒரே ஒரு விதி: வழக்கமான பயிற்சியில் சாப்பிடாத எதையும் ரேஸ் அன்று வாயில் வைக்காதீர்கள். ரேஸுக்கு முந்தைய நாள் புதிதாக வாங்கிய எனர்ஜி ஜெல் என் வயிற்றைப் புரட்டிவிட்டது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து போதும். ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. கடலை மிட்டாயை மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது, பேரீச்சம்பழம் சுலபம். பசிக்கட்டும் என்று காத்திருக்காமல் அரை மணி நேரத்திலேயே தொடங்கிவிடுங்கள். தண்ணீரில் உப்பு அவசியம், நம் கடற்கரைப் புழுக்கத்தில் இன்னும் அவசியம்.

முன்னால் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருங்கள். 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 137 கி.மீ. சாலைப் பந்தயத்தில், நெதர்லாந்தின் அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன் தங்கம் வென்றுவிட்டதாக நினைத்துக் கையைத் தூக்கினார். ஆனால் அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் முன்பே ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் கோட்டைத் தாண்டியிருந்தார். அப்போது தொழில்முறை அணி எதுவும் இல்லாத கணித ஆய்வாளர் அவர். தொடக்கத்திலேயே கிளம்பி, கடைசி 40 கி.மீ.யைத் தனியாக ஓட்டியவர். ஒலிம்பிக்கில் அணியோடு பேச ரேடியோ கிடையாது. நம் ரேஸ்களிலும் கிடையாது. அமெச்சூர்களான நமக்கு அந்தப் பந்தயம் எவ்வளவு பெரிய தைரியம் தருகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

கோட்டைத் தாண்டும்வரை மிதியுங்கள். 2020இல் பெல்ஜியத்தில் நடந்த லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் பந்தயத்தில் உலக சாம்பியன் ஜூலியன் அலஃபிலிப் கோட்டுக்கு முன்பே கையை உயர்த்த, பிரிமோஷ் ரோக்லிச் கடைசி நொடியில் சக்கரத்தை முன்னே தள்ளி வென்றார். ஸ்பிரிண்டில் குறுக்கே விலகியதற்காக அலஃபிலிப் ஐந்தாம் இடத்துக்கும் தள்ளப்பட்டார். ஆக, நேர்கோடு ஸ்பிரிண்டிலும் தப்பக் கூடாது.

எனது இரண்டாவது ரேஸில் கூட்டத்தோடேயே கடைசிவரை வந்தேன். ஆனால் எதிர்க்காற்றில், கோட்டுக்கு 400 மீட்டர் இருக்கும்போதே ஸ்பிரிண்டைத் தொடங்கிவிட்டதால், கடைசி ஐம்பது மீட்டரில் எட்டுப் பேர் என்னைத் தாண்டினார்கள். எதிர்க்காற்றானால் 150 மீட்டர்வரை ஒருவர் பின்னால் பொறுத்திருக்க வேண்டும்.

அடுத்த ரேஸ் தை மாதம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உத்தண்டி டோலைத் தாண்டி ஆறு பேர் சேர்ந்து யூ-டர்ன் பழகுகிறோம். முறை வைத்து ஒவ்வொருவரும் கடைசியில் வருகிறோம். வளைந்த பிறகு முதல் ஆளைப் பிடிக்க எத்தனை நொடி ஆகிறது என்று எழுதி வைக்கிறோம்.