தனியாக ஜெபிக்க உட்காரும்போது: பரமண்டல ஜெபத்தை வைத்து ஒரு கால் மணி நேரம்

ஆலயத்தில் போதகர் ஜெபிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்லத் தெரியும். வீட்டில் தனியாக முழங்கால் போட்டால் இரண்டு வரிக்கு மேல் ஓடாது. "ஆண்டவரே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம், எங்களை ஆசீர்வதியும்..." அப்புறம்? எனக்குப் பல வருடம் இதே கதைதான். கூடவே ஒரு கேள்வியும் உறுத்தும்: எல்லாம் தெரிந்தவரிடம் எதற்காகப் போய்ச் சொல்ல வேண்டும்?

மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசுவே இதைத் தொடுகிறார். நீங்கள் வேண்டிக்கொள்வதற்கு முன்னமே உங்கள் தேவை பிதாவுக்குத் தெரியும் என்று 8ஆம் வசனத்தில் சொல்கிறார். 'ஆகவே ஜெபம் வேண்டாம்' என்று முடிப்பார் என்றுதான் நமக்குத் தோன்றும். அவரோ அடுத்த வசனத்தில் "நீங்கள் ஜெபம்பண்ணவேண்டிய விதமாவது" என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார். வேலை முடிந்து வரும் மகளின் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிடும். ஆனாலும் காபியைக் கையில் கொடுத்து "என்னடி ஆச்சு?" என்று பக்கத்தில் உட்காருகிறாள். செய்தி தெரிந்துகொள்ளவா கேட்கிறாள்? ஜெபத்தின் நோக்கமும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பக்கத்தில் உட்காருவது. கேட்பதெல்லாம் அதற்குள் நடப்பது.

சரி, செய்முறைக்கு வருவோம். கையில் மத்தேயு 6:9-13, அதாவது இயேசு அங்கே சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபம் மட்டும் இருந்தால் போதும். மனப்பாடமாகத் தெரியும் என்றாலும் முதல் வாரம் புத்தகத்தைத் திறந்து வையுங்கள். மனப்பாடம்தான் இங்கே பெரிய தொந்தரவு. அரை நிமிடத்தில் ஓடிவிடும்.

1. இடம், நேரம்

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்கிறது வசனம். தனி அறை இல்லாத வீட்டில் மொட்டைமாடிப் படி போதும். போன் மட்டும் வேறு இடத்தில் இருக்கட்டும். சத்தமாக ஜெபிக்கக் கூச்சமாக இருந்தால் உதடு அசைந்தாலே போதும். பிள்ளை இல்லாத ஏக்கத்தோடு ஆலயத்துக்கு வந்த அன்னாள் அப்படித்தான் ஜெபித்தாள்; பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

2. எப்படிக் கூப்பிடுவது

புதிதாக ஜெபிப்பவர்கள் பாதிப்பேர் தடுமாறுவது இங்கேதான். 'நீர்', 'உம்முடைய' என்று வேறு யாரிடமும் நாம் பேசுவதில்லை. இயல்பாக வந்தால் அப்படிச் சொல்லுங்கள், வராவிட்டால் 'நீங்க' என்றே பேசுங்கள். மேடை ஜெபத்தின் தமிழைக் கடன் வாங்கி வந்து தனி அறையில் பேசத் தேவையில்லை. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு கூப்பிட்டதை, சுவிசேஷம் எழுதிய மாற்கு 'அப்பா' என்ற அரமேயச் சொல்லாகவே விட்டுவைத்து, பக்கத்தில் 'பிதாவே' என்று சேர்த்திருக்கிறார். தமிழ்க் காதுக்கு அந்த முதல் சொல்லுக்கு விளக்கமே தேவையில்லை!

இன்னொன்று: தமிழில் இந்த ஜெபத்தைத் தேடிப் பாருங்கள், 'என்' என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. எல்லாம் 'எங்கள்', 'எங்களுக்கு'. தனியாக உட்கார்ந்தாலும் உங்கள் தெருவையே கூட்டிக்கொண்டுதான் உட்காருகிறீர்கள்.

3. முதல் மூன்று வரிகள்

நாமம், ராஜ்யம், சித்தம். நம் தேவை எதுவும் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு வரியையும் சொல்லிவிட்டு நிறுத்தி, இன்றைய நாளில் ஒரு விஷயத்தோடு பொருத்திப் பாருங்கள். 'உம்முடைய ராஜ்யம் வருவதாக' என்றால், நான் இன்று போகிற அலுவலகத்தில் அது எப்படி இருக்கும்? பதில் வராவிட்டால் பரவாயில்லை, அடுத்த வரிக்குப் போங்கள்.

'உம்முடைய சித்தம்', அதாவது உம்முடைய விருப்பம், என்ற வரியை மட்டும் சும்மா தாண்டாதீர்கள். கெத்செமனேயில் இதைச் சொல்வதற்கு முன் இயேசு "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று, வரப்போகிற பாடுகளை நினைத்து வெளிப்படையாகக் கேட்டார். மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொன்னார் என்கிறது மத்தேயு. பாத்திரம் எடுத்துப்போடப்படவில்லை. அப்போஸ்தலன் பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக, அதாவது தன்னை வாட்டிய ஒரு உபத்திரவத்துக்காக, மூன்றுதரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. ஆகவே வேண்டியதைக் கேளுங்கள், திரும்பத் திரும்பவும் கேளுங்கள். கேட்டது கிடைக்காதவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு பேரையும் அவருக்கு நினைவுபடுத்தலாம்.

4. ஆகாரம்

'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்.' இப்போது உங்கள் தேவைகள். ஒரு தாளில் இன்றைக்கு உள்ளதை மட்டும் எழுதுங்கள்: மாமாவின் ஸ்கேன் ரிப்போர்ட், ஐந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டிய தவணை, பையனின் கணக்குப் பரீட்சை. சின்ன விஷயம் என்று விடாதீர்கள். சோற்றுக்கே ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் 'இன்று' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தினமும் வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற உணவை மறுநாளுக்குப் பதுக்கியவர்களுக்குப் புழுவும் நாற்றமும்தான் மிஞ்சியது. பத்து வருடக் கவலையை ஒரே காலையில் கொட்டினால் எனக்கும் அப்படித்தான் ஆகிறது.

5. கடன்

'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்.' இந்த ஜெபத்தில் இந்த ஒரே ஒரு வரிக்குத்தான் இயேசு பின்னால் விளக்கம் சேர்க்கிறார். 14, 15ஆம் வசனங்களைப் பாருங்கள், இரண்டுமே மன்னிப்பைப் பற்றி. இதே ஜெபம் லூக்கா சுவிசேஷத்திலும் உண்டு; அதில் 'பாவங்களை' என்று இருக்கும் இடத்தில் மத்தேயு 'கடன்களை' என்கிறார்.

அந்தச் சொல் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. சொந்தக்காரர் ஒருவர் என்னிடம் நாற்பதாயிரம் வாங்கிவிட்டு, அப்புறம் என் போனையே எடுப்பதில்லை. தினமும் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள்" வரை வருவேன், வாய் நின்றுவிடும். சில நாள் அந்த வரியை முழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன். ஒரு நாள் எரிச்சலில், "இவரை மன்னிக்க எனக்கு மனசே வரவில்லை" என்று அப்படியே சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்து என் முதல் உண்மையான ஜெபம் அதுதான். பணம் இன்றுவரை வரவில்லை. ஆறேழு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தோம். சாம்பார் வாளியை அவர் பக்கம் தள்ளினேன். அவ்வளவுதான்.

அதனால் இந்தப் படியில் ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள். மன்னித்துவிட்டேன் என்று நடிக்காதீர்கள். மறு பக்கத்தையும் பாருங்கள்: நீங்கள் யாருக்குக் கடனாளி?

6. சோதனை, தீமை

இன்று எங்கே வழுக்குவீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அதைப் பெயர் சொல்லி ஒரு வாக்கியத்தில் கேளுங்கள்.

மனம் ஓடினால்

ஓடும். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். எங்கே ஓடியதோ அதையே நான்காம் படியின் தாளில் எழுதிவிட்டு, விட்ட வரிக்குத் திரும்புங்கள்.

வார்த்தையே வராத நாளும் உண்டு. அன்றைக்கு 13ஆம் சங்கீதம். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு முறை 'எதுவரைக்கும்' என்று கேட்டுவிடுகிறது. கடவுளிடம் இப்படிப் பேசலாமா என்று தயங்குபவர்களுக்கு வேதமே அனுமதிச்சீட்டு கொடுத்திருக்கிறது. அதுவும் முடியாவிட்டால், இயேசு சொன்ன உவமையில் வரும் ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) சொன்ன ஒரு வரி: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்."

முடிக்கும்போது "இயேசுவின் நாமத்தில், ஆமென்" என்பது வழக்கம். முதல் நாள் எல்லாம் சேர்த்தே நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். கால் மணி ஆகவில்லையே என்று இழுக்காமல் எழுந்து, வாசல் கதவைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.