கார்க் கதவின் வெளி ஹேண்டில் இறுகியது: என் அனுபவம்

வெள்ளவத்தையில் கடலோரமாக நிற்கும் எங்கள் பழைய காரின் வெளி ஹேண்டிலை இழுத்தால் திரும்பி உள்ளே போகாது. அது வெளியே நிற்கும்போது கதவைச் சாத்தினாலும் பூட்டு பிடிக்காது. அதனால்தான் கராஜில் பூட்டையே மாற்றச் சொன்னார்கள். டபிள்யூடி-40 என்ற எண்ணெய் ஸ்பிரேயை அடித்தால் கொஞ்ச நாள் சரி, பிறகு பழையபடிதான். வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தேடி வாங்கிய ஸ்பிரிங்கும் உதவவில்லை.

கடைசியில் ஹேண்டிலை முழுதாகக் கழற்றினேன். அது சுழலும் இரும்பு ஊசியைச் சுற்றி வெள்ளைத் தூள், உப்புக் காற்றில் ஹேண்டிலின் வார்ப்பு உலோகம் அரித்துப் பூத்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஊசியைத் தட்டி எடுத்து, மெல்லிய சாண்ட் பேப்பரால் தேய்த்து, சிலிகோன் கிரீஸ் பூசினேன். இப்போது விட்டதும் டக்கென்று உள்ளே போகிறது. பெரிய நிம்மதி.

ஹேண்டிலைத் திரும்பப் பொருத்தியபின் உடனே கதவைச் சாத்திவிடாதீர்கள். முதலில் பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, ஹேண்டில் அதை விடுவிக்கிறதா என்று பாருங்கள்.