எஃப்எல் ஸ்டுடியோ பியானோ ரோலில் வெலாசிட்டியைக் கையாள்வது எப்படி

எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் நோட்களை வரையும் ஜன்னல்தான் பியானோ ரோல். அதில் மவுஸால் நோட் போட்டுக்கொண்டே போனால் எல்லாம் ஒரே வெலாசிட்டியில், அதாவது ஒரே அழுத்த வேகத்தில் விழும். எஃப்எல் ஸ்டுடியோவில் அது 78%, அதாவது மிடி (இசைக் கருவிகளும் கணினியும் நோட் தகவலைப் பரிமாறும் முறை) கணக்கில் 100. மிடியில் வெலாசிட்டி 1 முதல் 127 வரை போகும். 0 வந்தால் நோட்டை நிறுத்தச் சொல்வதாகப் பொருள். கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த 127 கணக்கில்தான். சதவீதம் வேண்டுமென்றால் 1.27-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள் என்பதை மட்டுமே வெலாசிட்டி சொல்கிறது. அதை வைத்து என்ன செய்வது என்பது ஒலியைத் தரும் பிளக்இன்னின் (மென்பொருள் கருவியின்) முடிவு. பியானோவில் சத்தமும் நாதமும் சேர்ந்து மாறும். சில சிந்த்களில் (மின்னணு ஒலிக்கருவிகளில்) ஃபில்டர் திறந்து ஒலி கூர்மையாகும். ஆர்கனில் பெரும்பாலும் எதுவுமே மாறாது. அதனால் மிக்ஸில் பியானோ தூக்கலாகக் கேட்கிறது என்பதற்காக எல்லா நோட்டின் வெலாசிட்டியையும் இறக்காதீர்கள். சத்தத்தோடு சேர்ந்து நாதமும் மங்கிவிடும். பலமாக வாசிக்க வேண்டிய இடம் தயங்கித் தயங்கி வாசித்தது போல ஆகிவிடும். சத்தத்தைக் குறைக்க மிக்ஸர் ஃபேடர் இருக்கிறது.

முதலில் கருவியைச் சோதியுங்கள்

எந்தக் கருவியை எடுத்தாலும் இதை ஒருமுறை செய்துவிடுவது நல்லது. எஃப்7 அழுத்திப் பியானோ ரோலைத் திறந்து, ஒரே சுரத்தில் ஒரு பாருக்குப் பதினாறு நோட் போடுங்கள். கீழே உள்ள பட்டையில் வெலாசிட்டி தெரிகிறதா என்று பாருங்கள். வேறு ஏதாவது தெரிந்தால் பட்டையின் இடது ஓரத்தில் மாற்றிக்கொள்ளலாம். பிறகு இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலை வரை ரைட் கிளிக்கை அழுத்தியபடி இழுங்கள். நேர்கோடாக ஏறும். டெம்போவைக் குறைத்துக் கேளுங்கள்.

நல்ல சாம்பிள் லைப்ரரிகளில் ஒவ்வொரு சுரத்துக்கும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக வாசித்த தனித்தனிப் பதிவுகள் இருக்கும். ஒரு பதிவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நாதம் சட்டென்று மாறும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 90 என்று வைத்துக்கொள்வோம். 88-க்கும் 92-க்கும் இடையே எண்ணில் வித்தியாசம் நான்குதான், ஆனால் இரண்டையும் வேறு வேறு ஆள் வாசித்தது போலிருக்கும். 92-ம் 108-ம் ஏறக்குறைய ஒன்றுபோல் கேட்கும். மென்மையான பகுதியில் ஒரு நோட் மட்டும் துருத்திக்கொண்டு கேட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான்: அந்த நோட் எல்லையைத் தாண்டியிருக்கும்.

சோதனையில் சத்தம் மட்டும் ஏறி நாதம் அப்படியே இருந்தால் அது ஒற்றை சாம்பிள். எஃப்எல் ஸ்டுடியோவின் சொந்த சாம்ப்ளரில் இதற்கு வழி உண்டு. சேனல் அமைப்புகளில் ட்ராக்கிங் பகுதிக்குப் போய், வால்யூம் ட்ராக்கிங்கில் மாட் எக்ஸ் குமிழை (ஃபில்டரின் கட்ஆஃப்பை, அதாவது அது திறக்கும் அளவை, ஆள்வது) வலப்பக்கம் திருப்புங்கள். ஃபில்டரின் கட்ஆஃப்பையும் கொஞ்சம் இறக்க வேண்டும். அது முழுக்கத் திறந்திருந்தால் வித்தியாசம் கேட்காது. இனி பலமாக அடித்தால் கூர்மையாகவும் மெதுவாக அடித்தால் மழுங்கலாகவும் ஒலிக்கும்.

கை பழக வேண்டிய சில அசைவுகள்

நோட்டின் மேல் மவுஸை வைத்து ஆல்ட்டை அழுத்திக்கொண்டு வீலை உருட்டினால் அந்த நோட்டின் வெலாசிட்டி மாறும். கார்டில் மூன்று நான்கு நோட் ஒரே நேரத்தில் தொடங்குவதால் கீழ்ப்பட்டையில் அவற்றின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். அப்போது வேண்டிய நோட்டை மட்டும் கன்ட்ரோல் அழுத்திக் கட்டம் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்தது மட்டுமே மாறும். மொத்தமாக ஏற்ற, இறக்க ஆல்ட் + எக்ஸ். அதில் ஆஃப்செட் எல்லா நோட்டையும் ஒரே அளவு நகர்த்தும், மல்டிப்ளை இடைவெளியைச் சுருக்கும் அல்லது விரிக்கும்.

ஒரு பொறியும் உண்டு. ஏற்கெனவே போட்ட நோட்டைக் கிளிக் செய்தால் அதன் நீளத்தோடு வெலாசிட்டியும் அடுத்து போடும் நோட்டுக்கு ஒட்டிக்கொள்ளும். 30-இல் இருக்கும் நோட்டைத் தொட்டுவிட்டுப் புதிதாகக் கிக் போட்டால் அது கேட்கவே கேட்காது. சரியான பலத்தில் இருக்கும் நோட் ஒன்றைக் கிளிக் செய்துவிட்டுத் தொடருங்கள்.

டிரம்ஸ்

பதினாறாம் நோட் ஹை-ஹாட் எல்லாம் 100-இல் இருந்தால் ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்து இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்கும். ஒவ்வொரு பீட்டின் நான்கு நோட்டுக்கும் 100, 52, 78, 48 என்று வைத்துத் தொடங்குங்கள். டிரம்மர் குச்சியின் தண்டால் விளிம்பில் அடிப்பது முதல் நோட், நுனியால் தட்டுவது மற்றவை. அந்த ஏற்ற இறக்கம்தான் நடையைத் தருகிறது. இரண்டாவது பாரின் கடைசி பீட்டில் மட்டும் 48-ஐ 70 ஆக்கிப் பாருங்கள். அடுத்த பாருக்குள் தாளம் தானாகவே சாய்ந்து நுழையும்.

ஸ்நேரில் 2, 4 பீட்டுகள் 108 முதல் 115 வரை இருக்கட்டும். கோஸ்ட் நோட்கள், அதாவது முக்கிய அடிகளுக்கு இடையே மெல்லத் தட்டுபவை, 22 முதல் 38. 50-க்கு மேல் போனால் அவை கோஸ்ட் நோட்டாக இருக்காது, தப்பான இடத்தில் விழுந்த ஸ்நேர் அடியாகக் கேட்கும். கிக் இரண்டு அடுத்தடுத்து வந்தால் இரண்டாவதில் பாடலின் கனம் இருக்கிறதா, முதலாவதிலா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். கனமானது 112, மற்றது 88. 127-ஐப் பாடலின் உச்சத்துக்கு ஒதுக்கி வையுங்கள். முதல் சரணத்திலேயே அங்கே போய்விட்டால் கோரஸுக்கு ஏற இடமில்லை.

டிரம் பஸ்ஸில் (டிரம்ஸ் எல்லாம் ஒன்றுசேரும் மிக்ஸர் ட்ராக்கில்) கம்ப்ரஸர் போட்ட பிறகு இன்னொருமுறை கேளுங்கள். அது பலமான அடியை அமுக்கி, மேக்அப் கெயினில் (அமுக்கிய பிறகு மொத்தச் சத்தத்தை ஏற்றுவதில்) மெதுவானதை மேலே கொண்டுவரும். 35-இல் சரியாக இருந்த கோஸ்ட் நோட் அப்போது 25-க்கு இறங்க வேண்டியிருக்கும்.

பியானோ கார்டு

மேலே மெலடி சுரம் 90, பாஸ் 76, நடுவில் உள்ளவை 58 முதல் 66. இவ்வளவுதான். நடுச் சுரங்கள் மெலடிக்குச் சமமாக இருப்பதால்தான் ப்ரோகிராம் செய்த பியானோ பலகை போலத் தட்டையாக இருக்கிறது. ஈக்யூவில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) தேடுவதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள்.

ராண்டம் கடைசியில்தான்

ஆல்ட் + ஆர் அடித்ததும் வரும் ஜன்னலில் முதலில் பேட்டர்ன் பகுதியை அணையுங்கள். இல்லையென்றால் அது புதுசாகக் கண்ட நோட்டையும் போட்டுவிடும். லெவல்ஸில் வெலாசிட்டி குமிழை மட்டும் கொஞ்சமாக ஏற்றுங்கள். கூடக் குறைய ஐந்து ஆறு எண் மாறினால் போதும். எல்லாம் 100-இல் இருக்கும்போதே ராண்டம் போட்டால் அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்று அதற்குத் தெரியாது, தாளம் தடுமாறும். வடிவத்தைக் கையால் போட்டுவிட்டு, அதன்மேல் மெல்லிய தூவலாக ராண்டம்.

கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்ததில் எல்லா நோட்டும் 110-க்கு மேலே குவிந்திருந்தால், ஒவ்வொன்றாகத் திருத்துவதற்கு முன் கீபோர்டின் வெலாசிட்டி கர்வை, அதாவது எந்த அழுத்தத்துக்கு எந்த எண் என்ற அமைப்பைப் பாருங்கள். அது மென்மையான அழுத்தத்துக்கே அதிக எண் தருவதாக இருந்தால் கடினமானதற்கு மாற்றி மறுபடி வாசியுங்கள். ஏற்கெனவே பதிந்ததை ஆல்ட் + எக்ஸில் இறக்கலாம். ஆனால் 127-இல் முட்டி நின்ற நோட்களுக்கு இடையே தொலைந்த வித்தியாசம் திரும்பாது.

வயலின் குழு போன்ற நீண்ட சுரங்களில் வெலாசிட்டியை எவ்வளவு மாற்றினாலும் பல லைப்ரரிகளில் பலம் மாறாது. அங்கே பலத்தை ஆள்வது கீபோர்டில் உள்ள மாட் வீல் என்ற சக்கரம், அதாவது மிடி கட்டுப்பாட்டு எண் சிசி 1. பிளக்இன் ஜன்னலின் மெனுவில் பிரவுஸ் பாராமீட்டர்ஸ் போய், மிடி சிசி 1-ஐ ரைட் கிளிக் செய்து ஆட்டோமேஷன் கிளிப் (நேரத்தோடு மதிப்பை மாற்றும் கோடு) உருவாக்கி வளைவு வரையுங்கள். ஸ்டக்காட்டோ (வெட்டி வாசிப்பது), பிட்ஸிகாட்டோ (விரலால் மீட்டுவது) போன்ற குறுகிய வாசிப்புகளுக்கு மட்டும் வெலாசிட்டி பட்டைக்குத் திரும்புங்கள்.