பழைய வெட்கத்தோடு விவிலியம் வாசிப்பது எப்படி

இராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில், எங்கள் அன்பியப் (பங்கில் அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) பெண்களோடு சேர்ந்து விவிலியம் வாசித்து வருகிறேன். பழைய விஷயம் ஒன்றை உள்ளுக்குள் வைத்துப் புழுங்குகிறவர்கள், "எங்கேயிருந்து வாசிக்க அக்கா?" என்று தனியாக வந்து கேட்பார்கள். கட்டளைகளில் தொடங்க வேண்டாம் என்பேன். தன்னைத்தானே தண்டித்துக்கொண்டிருப்பவருக்கு அது இன்னொரு அடி. யோவான் நற்செய்தி 4ஆம் அதிகாரத்தை எடுங்கள்.

சமாரியப் பெண் ஒருவர் நண்பகலில் தனியாகத் தண்ணீர் எடுக்க வருகிறார். ஊர்ப்பேச்சுக்குப் பயந்து அந்த நேரத்தில் வந்தார் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்போம். வசனத்தில் காரணம் சொல்லப்படவில்லை. ஆனால் குழாயடியில் குடத்தோடு நின்று, நாலு பேர் சட்டென்று பேச்சை நிறுத்துவதைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் தானாகவே வரும். இயேசு அவரிடம் முதலில் கேட்பது குடிக்கத் தண்ணீர். அவருக்கு ஐந்து கணவர்கள் இருந்ததும், இப்போது கூட இருப்பவர் கணவர் இல்லை என்பதும் பேச்சில் வருவது அதற்குப் பிறகுதான். "எனக்குக் கணவர் இல்லை" என்று அந்தப் பெண் பாதி மட்டும் சொல்லும்போதும், நீர் சொன்னது சரி என்றுதான் தொடங்குகிறார்.

7 முதல் 30 வரை வாய்விட்டு வாசியுங்கள். இரண்டாம் முறை வாசிக்கும்போது எந்த வரி உறுத்துகிறதோ அங்கே நின்றுவிடுங்கள். அன்றைக்கு அது போதும்.

அப்புறம் ஒரு நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஒன்றில் நான் செய்தது, மற்றதில் எனக்குச் செய்யப்பட்டது. இதை அவசரப்படாமல் செய்யுங்கள். சின்ன வயதில் ஒருவன் தொட்டதற்கு இன்றுவரை தன்னைக் கறைபட்டவளாக நினைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அது உங்கள் பாவமே இல்லை. அதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்துக்கு, உடைந்த உள்ளத்தார் அருகில் ஆண்டவர் இருக்கிறார் என்று சொல்லும் திருப்பாடல் 34ஐ வாசியுங்கள். நாம் செய்ததற்குத் திருப்பாடல் 32.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். கணவன் மனைவி சேர்ந்து வாசிக்க நல்ல சமயம் அது. பேதுருவும் மற்ற சீடர்களும் மீன்பிடிக்கப் போகிற யோவான் 21 எடுங்கள். இரவெல்லாம் வலை போட்டும் மீன் படாமல் வெறும் படகோடு திரும்புவது என்னவென்று உங்கள் வீட்டுக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கரையில் கரி நெருப்பு, அதன்மேல் மீன். இப்போது 18ஆம் அதிகாரத்துக்குத் திரும்புங்கள்: பேதுரு குளிர்காய்ந்துகொண்டே 'இயேசுவின் சீடன் நான் இல்லை' என்று மறுதலித்ததும் கரி நெருப்பின் பக்கத்தில்தான். அதே மாதிரி ஒரு நெருப்பின் அருகே அவரை உட்காரவைத்து, முதலில் சாப்பாடு போடுகிறார் இயேசு. ஏன் மறுதலித்தாய் என்று கேட்கவே இல்லை. என்மேல் அன்பு இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு பொறுப்பைக் கொடுக்கிறார். இதை வாசித்த பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்வது அடுத்தது. பாவங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது யாக்கோபு 5:16; ஊர் முழுக்கச் சொல்லச் சொல்லவில்லை. அன்பியக் கூட்டத்தில் எல்லார் முன்னும் கொட்டிவிடாதீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் (கோவிலில் குருவானவரிடம் தனியாகப் பாவத்தை அறிக்கையிடுவது) சொன்னதைக் குரு வெளியே சொல்ல முடியாது, அங்கே தைரியமாகத் தொடங்கலாம். ஆனால் கணவருக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்திருந்தால் அவரிடமும் சொல்லியாக வேண்டும். எந்த நகை, எவ்வளவு பணம், வட்டி எவ்வளவு நிற்கிறது என்று முழுத்தொகையையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். பாதியை மறைத்தால் அடுத்த முறை நம்ப மாட்டார். "நீங்க குடிச்சதாலதான்" என்று தொடங்காதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் வேறொரு நாளைக்குப் பேச வேண்டியது. கேட்டவருக்குக் கோபம் வந்தால், உடனே மன்னிக்கச் சொல்லி வசனம் காட்டவும் வேண்டாம்.

கை நீட்டுகிற வீடாக இருந்தால் தனியாக இருக்கும்போது எதையும் சொல்லாதீர்கள். முதலில் நம்பிக்கையான ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டு, பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள். குழந்தைக்கு நடந்தது என்றால் 1098.