கொல்லிமலை வளைவில் ஆடிய பின்சக்கரம்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் என் 150 சிசி வண்டியின் பின்பக்கம் துள்ளித் துள்ளி வெளியே தள்ளியது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ் தேய்ந்து போய்விட்டது என்றே நினைத்தேன். மறுநாள் காலை, பின் டயர் சூடாகும் முன் அதன் காற்றை அளந்தால் 42 பிஎஸ்ஐ! பஞ்சர் கடையில் தாராளமாக அடித்துவிட்டிருக்கிறார்கள். வண்டி ஸ்டிக்கரில் இருப்பதோ தனியாக ஓட்ட 28, இருவர் என்றால் 32. இறக்கினேன். பாதி சரியானது.

அப்புறம் வண்டியைக் கழுவும்போதுதான் பார்த்தேன்: பின்பக்க இடது ஷாக் அப்சர்பர் ஸ்பிரிங்கின் இறுக்கம் இரண்டாம் படியில், வலது நான்காம் படியில். சேறு மறைத்திருக்கிறது. டூல் கிட் ஸ்பேனரால் இரண்டையும் இரண்டுக்கே திருப்பினேன். இப்போது சாய்த்தால் கோடு போட்டதுபோல் போகிறது. மனைவி பின்னால் ஏறினால் மட்டும் மூன்றாம் படி, காற்று 32.